தென்னையில் ஓட்டை, வெட்டு, வாடல்: காண்டாமிருக வண்டா, சிவப்புக் கூன்வண்டா?

கொண்டையில் ஓட்டை தெரிந்தவுடன் பலரும் கேட்பது "என்ன மருந்து ஊற்றலாம்?" என்றுதான். அதற்கு முன் ஓட்டை போட்டது எது என்று தெரிய வேண்டும். வெப்பமண்டல ஆசியாவில் தென்னையைத் துளைக்கும் பெரிய வண்டுகள் இரண்டு. ஒன்று காண்டாமிருக வண்டு, மற்றது சிவப்புக் கூன்வண்டு. இரண்டும் ஒரே மரத்தில் இருக்கலாம். ஆனால் ஒன்றுக்குச் செய்யும் வைத்தியம் மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பயன்படாது.

காரணம் எளிது. காண்டாமிருக வண்டில் மரத்தைக் கெடுப்பது வளர்ந்த வண்டு. அதன் புழு மரத்துக்கு வருவதே இல்லை. எருக்குழியிலும் மக்கிய மரத்திலும் கிடந்து மக்கைத் தின்று வளர்கிறது. கூன்வண்டில் இது அப்படியே தலைகீழ். வளர்ந்த வண்டால் பெரிய சேதம் கிடையாது; தண்டுக்குள் இருந்து மரத்தைக் குடைவது புழுதான். முட்டை, புழு, கூடு, வண்டு என்று அதன் முழு வாழ்க்கையும் மரத்துக்குள்ளேயே நடக்கும். ஆகவே முதலாவதை எருக்குழியில் பிடிக்க வேண்டும், இரண்டாவதைத் தண்டுக்குள் பிடிக்க வேண்டும்.

இவை இரண்டுக்கும் ஒரு தொடர்பும் உண்டு. காண்டாமிருக வண்டு குடைந்த பச்சைக் காயத்திலிருந்து வரும் வாடை கூன்வண்டை இழுக்கிறது. அந்தக் காயத்தில்தான் அது முட்டையிடும். காண்டாமிருக வண்டு ஓலையில் விடும் விசிறி போன்ற வெட்டை "ஓலைதானே போகட்டும்" என்று விட்ட தோப்பில், சில மாதங்கள் கழித்து மரமே சாய்வது இதனால்தான்.

வண்டு கையில் கிடைத்தால்

காண்டாமிருக வண்டு கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்தில் தடித்து, 35 முதல் 50 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். தலையில் பின்னோக்கி வளைந்த கொம்பு உண்டு. ஆணுக்குக் கொம்பு நீளம், பெண்ணுக்குக் குட்டை. கொம்பை வைத்துச் சந்தேகம் வந்தால் வண்டைக் கவிழ்த்து வயிற்றின் கடைசிப் பகுதியைப் பாருங்கள். அங்கே செம்பழுப்பு மயிர் அடர்ந்திருந்தால் பெண். இது இரவில் பறப்பது.

கூன்வண்டு செம்பழுப்பு நிறம், ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளம். முகத்தில் கீழ்நோக்கி வளைந்த நீண்ட மூக்கு இருக்கும். கழுத்துப் பகுதியில் பெரும்பாலும் கறுப்புப் புள்ளிகள் தெரியும். மூக்கின் மேல்புறத்தில் சிறு மயிர்க்கற்றை இருந்தால் ஆண், வழவழப்பாக இருந்தால் பெண். இது பகலிலும் பறக்கும்.

அறிகுறி: ஓலையில் முக்கோண வெட்டு, விசிறி போல் கத்தரித்த தோற்றம்

இது காண்டாமிருக வண்டுதான். விரியாத குருத்தில் இளம் ஓலைக்கீற்றுகள் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்திருக்கும். வண்டு அதன் குறுக்கே ஒரே துளை போட்டாலும் மடிப்பு முழுவதும் வெட்டுப்படும். பிறகு மட்டை விரியும்போது, இருபுறமும் ஒரே அளவில் கத்தரிக்கோலால் வெட்டியது போன்ற முக்கோணங்கள் வெளிப்படும். வேறு எந்தப் பூச்சியும் தென்னையில் இத்தனை ஒழுங்கான வெட்டு விடுவதில்லை.

மருந்தைத் தேடுவதற்கு முன் வெட்டு எந்த மட்டையில் இருக்கிறது என்று எண்ணுங்கள். நன்கு வளரும் காய்ப்பு மரம் ஏறத்தாழ மாதம் ஒரு மட்டை விடும். மேலிருந்து எட்டாவது, ஒன்பதாவது மட்டைகளில் வெட்டு இருந்து, அதற்கு மேலுள்ளவை எல்லாம் சுத்தமாக விரிந்திருந்தால், வண்டு வந்து போய் பல மாதங்கள் ஆகிவிட்டன. இப்போது கொண்டையில் எதை ஊற்றினாலும் வீண். வெட்டுப்பட்ட ஓலை திரும்ப வளராது. அது தன் காலம் முடிந்து உதிரும் வரை பச்சையாக இருக்கிற பகுதி மரத்துக்கு உணவு தயாரிக்கும், வெட்ட வேண்டாம். மேலே உள்ள இரண்டு மூன்று மட்டைகளில் வெட்டு இருந்தாலோ, குருத்திலேயே துளை தெரிந்தாலோ தாக்குதல் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உடனே ஏறிப் பார்க்க வேண்டும்.

போரான் என்ற நுண்சத்துக் குறைந்தாலும் ஓலை உருமாறும். ஆனால் அதில் கீற்றுகள் குட்டையாகி, நுனி கொக்கி போல் வளைந்து, ஒன்றோடொன்று ஒட்டி வரும். வெட்டின் ஓரத்தில் கடித்த நார் இருக்காது. மட்டைக்காம்பில் ஓட்டையும் இருக்காது.

அறிகுறி: குருத்தின் அடியில் ஓட்டை, வெளியே நார் துருத்திக்கொண்டிருக்கிறது

நாரை விரலில் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். இந்த ஒரு சோதனையே பாதி விடை.

காண்டாமிருக வண்டு நாரைத் தின்பதில்லை. மென்று சாற்றைக் குடித்துவிட்டுச் சக்கையை வெளியே தள்ளும். அதனால் சக்கை நீள இழைகளாக, வைக்கோல் நிறத்தில், ஓரளவு உலர்ந்து இருக்கும். ஓட்டை பெருவிரல் நுழையும் அளவுக்குப் பெரிதாக, உள்மட்டைகளின் இடுக்கில், குருத்துக்குப் பக்கத்தில் இருக்கும். வாடை பச்சை மட்டையின் வாடைதான்.

கூன்வண்டுப் புழு தள்ளும் சக்கை ஈரமாக, பழுப்பாக, கூழும் நாரும் கலந்ததாக வரும். கையில் பிசுபிசுக்கும், புளித்த கள் வாடை அடிக்கும். ஓட்டை சிறியது, பெரும்பாலும் சக்கையே அதை மூடியிருக்கும்.

வெளிறிய உலர்ந்த சக்கையாக இருந்தால் செய்ய வேண்டியவை:

1. நுனியில் கொக்கி அல்லது முள் உள்ள இரும்புக் கம்பி, அதாவது சுளுக்கி, ஒன்றை ஓட்டைக்குள் மெல்ல விடுங்கள். வண்டு இருந்தால் கடினமான ஒன்றில் தட்டும். குத்தி, திருகி, வெளியே இழுங்கள். ஓட்டையின் போக்கிலேயே கம்பி போக வேண்டும். நேராக நடுவில் இறக்கினால் வளர்நுனி குத்துப்பட்டு மரமே போய்விடும். தென்னைக்கு அந்த ஒரு நுனிதான், மாற்று முளை கிடையாது.
2. வண்டு கிடைக்காவிட்டால் ஓட்டையைச் சுத்தம் செய்து ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். புதுச் சக்கை இல்லையென்றால் அது பறந்துவிட்டது. ஒரு கொண்டையில் சில நாட்கள் தின்றுவிட்டு வேறிடம் போவது அதன் வழக்கம்.
3. 250 கிராம் வேப்பம் புண்ணாக்குத் தூளை அதே அளவு மெல்லிய மணலோடு கலந்து, ஓட்டையிலும் மேலிருந்து மூன்று மட்டைகளின் இடுக்கிலும் நிரப்புங்கள். ஆண்டுக்கு மூன்று முறை, குறிப்பாக மழைக்காலம் தொடங்கும் முன் ஒருமுறை.

மணல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மட்டைக்கும் தண்டுக்கும் இடையே இறங்க முயலும் வண்டின் மூட்டுகளில் மணல் அரைத்து உறுத்தும், இடுக்கையும் அடைக்கும். புண்ணாக்கின் வாடையும் கசப்பும் விலக்கும். மணல் இல்லாமல் போட்ட தூள் முதல் பலத்த மழையில் கரைந்து ஓடிவிடும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. மண்ணெண்ணெய், டீசல், பழைய இஞ்சின் எண்ணெய் எதையும் ஓட்டையில் ஊற்றாதீர்கள். வண்டு சாகலாம், கூடவே குருத்தும் கருகும்.

அறிகுறி: இளங்கன்றில் குருத்து வாடுகிறது, அல்லது பக்கவாட்டில் வளைந்து வருகிறது

நட்டு மூன்று ஆண்டு ஆகாத கன்றில் காண்டாமிருக வண்டு கழுத்துப் பகுதியில் குடைந்து இறங்கும். வளர்நுனி தொட்டுவிட்டால் கன்று சாகும். நுனி தப்பி, பக்கத்தில் மட்டும் அடிபட்டால் குருத்து நேராக வர முடியாமல் யானைத் தந்தம் போல வளைந்து ஒரு பக்கமாக வெளிவரும்.

நடுக்குருத்தை மெல்லப் பிடித்து இழுத்துப் பாருங்கள். உறுதியாக நின்றால் நுனி உயிரோடு இருக்கிறது. வளைந்த குருத்தை மூடிய பன்னாடையையும் செத்த அடிப்பகுதியையும் கவனமாக நீக்கி வழிவிட்டால், அடுத்தடுத்த மட்டைகள் ஓரளவு நேராகும். அப்படியே கையோடு வந்தால், அடியின் முனையைப் பாருங்கள். கடித்த துளையும் நாரும் இருந்தால் வண்டு. துளை எதுவும் இல்லாமல் கூழாகி, தாங்க முடியாத நாற்றம் அடித்தால் அது குருத்தழுகல் நோய். பூசணத்தைப் போன்ற ஒரு நுண்ணுயிரியின் வேலை, வண்டு மருந்து அதற்கு ஒன்றும் செய்யாது. அழுகிய திசுவை முழுவதும் செதுக்கி எடுத்துவிட்டு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ பசை தடவி, நீர் இறங்காமல் மூடிவைக்க வேண்டும்.

கன்றுகளுக்குத் தடுப்பு மலிவானது. உள்மட்டை மூன்றின் இடுக்கில் இடுக்குக்கு ஒன்றாக மூன்று பாச்சை உருண்டைகள், மேலே சிறிது மணல். 45 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், ஏனெனில் அவை காற்றில் கரைந்துவிடும். உருண்டையைக் குருத்தின்மேல் நேராகப் படவிட்டால் இளம் திசு கருகும். இன்னொரு வழி, மெல்லிய நரம்பு மீன்வலையை மட்டை அடிகளைச் சுற்றித் தளர்வாகச் சுற்றிவிடுவது. உள்ளே புகும் வண்டின் முள் நிறைந்த கால்கள் வலையில் சிக்கி அங்கேயே நிற்கும். வாரம் ஒருமுறை பார்த்து எடுத்துப் போட வேண்டும். கன்று பெருக்கப் பெருக்க வலையைத் தளர்த்தாவிட்டால் மட்டை இறுகிப்போகும்.

அறிகுறி: பாளை விரியாமலே காய்கிறது

பாளையில் வட்டத் துளை இருந்தால் காண்டாமிருக வண்டு. இதில் ஓலைச் சேதத்தைவிட இழப்பு நேரடியானது. ஒரு பாளை என்பது ஒரு குலை. துளை இல்லாமல் காய்ந்தால் நீர்ப்பற்றாக்குறை, ஊட்டக் குறைவு, நோய் என்று வேறு பக்கம் தேடுங்கள்.

அறிகுறி: தண்டில் பழுப்புச் சாறு வடிகிறது

அதிகம் தவறுவது இங்கேதான். சாறு வடிந்தாலே கூன்வண்டு என்று முடிவுகட்டித் தண்டில் துளை போட்டு மருந்து ஏற்றுவார்கள். சாறு வடிய குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு.

ஓட்டையும் அதில் ஈரச் சக்கையும் இருந்து, சாறு பிசுபிசுப்பாக ஒழுகினால் கூன்வண்டு. பட்டையில் நீளவாக்கில் விரிசல் விட்டு, அதிலிருந்து செம்பழுப்புச் சாறு கசிந்து காய்ந்து கறுத்துப்போயிருந்தால், நார் எதுவும் இல்லையென்றால், அது சாறுவடிதல் நோய். விரிசலைச் செதுக்கிப் பார்த்தால் உள்திசு அழுகியிருக்கும், சுரங்கம் இருக்காது. சாறு அடித்தண்டில் தரைமட்டத்தில் தொடங்கி மேல்நோக்கி ஏறிக்கொண்டு, கூடவே வெளிவட்ட மட்டைகள் வாடித் தண்டை ஒட்டித் தொங்கினால் அடித்தண்டழுகல். வேரும் அடித்தண்டும் பூசணத்தால் அழுகுவது அது. சில மரங்களில் தண்டின் அடியில் காளான் தட்டு முளைக்கும்.

கூன்வண்டு என்று உறுதிசெய்ய இன்னும் இரண்டு சோதனைகள். ஒன்று, காற்று இல்லாத அமைதியான நேரத்தில் ஓட்டைக்கு அருகே தண்டில் காதை அழுத்தி வையுங்கள். நிறையப் புழு இருந்தால் நெறுநெறுவென்று மெல்லும் ஓசை கேட்கும். கேட்காவிட்டால் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள். குஞ்சுப் புழுவின் ஓசை காதுக்கு எட்டாது. இரண்டு, ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து ஈரக் களிமண்ணால் அடைத்து, மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். களிமண்ணைத் தள்ளிக்கொண்டு புதுச் சக்கை வந்திருந்தால் உள்ளே உயிர் இருக்கிறது.

எங்கே தேடுவது என்பது மரத்தின் வயதைப் பொறுத்தது. இளமரத்தில் அடித்தண்டிலும், வேர் கிளம்பும் பகுதியிலும். வளர்ந்த மரத்தில் கொண்டையிலும், மட்டை வெட்டிய தழும்பிலும், ஏறுவதற்காகக் கொத்திய படியிலும். ஐந்து முதல் இருபது வயது வரையுள்ள மரங்களே அதிகம் பலியாகின்றன.

அறிகுறி: நடுவட்ட மட்டைகள் மஞ்சளாகி வாடுகின்றன

வெளிவட்டத்து முதிர்ந்த மட்டை மஞ்சளாவது இயல்பு. உள்வட்டமும் நடுவட்டமும் வெளுத்து, குருத்து சோர்ந்து, மட்டையின் அடி நீளவாக்கில் பிளந்தால் கூன்வண்டு உள்ளே நெடுநாள் குடியிருக்கிறது என்று கொள்ள வேண்டும். ஒரு பெண் வண்டு 200க்கும் மேல் முட்டையிடும். முட்டை சில நாட்களில் பொரியும். புழு ஒன்று முதல் மூன்று மாதம் குடைந்து, நாரைச் சுற்றிக் கூடு கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் வண்டாகும். அந்த வண்டு அதே மரத்திலேயே அடுத்த தலைமுறையைத் தொடங்கிவிடும். வெளியே மஞ்சள் தெரிவதற்குள் உள்ளே பல வயதுப் புழுக்கள் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

முதலில் மரம் தேறுமா என்று தீர்மானியுங்கள். குருத்து உறுதியாக, பச்சையாக இருந்தால் முயலலாம். குருத்து செத்து, கொண்டை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டால் மருந்துக்குச் செலவழிக்காதீர்கள். உடனே வெட்டி அகற்றுவதுதான் மற்ற மரங்களைக் காக்கும். பாசத்தால் இன்னும் இரண்டு மாதம் நிறுத்திவைத்த மரம் தோப்புக்கே வண்டு சப்ளை செய்யும்.

முயல்வதென்றால் இப்படி:

1. மருந்துக்கு முன் முற்றிய காய், இளநீர் எல்லாம் இறக்கிவிடுங்கள். அதன்பின் குறைந்தது 45 நாள் எதையும் பறிக்கக் கூடாது. மருந்துக் கொள்கலனில் அதைவிட அதிக நாள் சொல்லியிருந்தால் அதுவே கணக்கு.
2. தண்டில் உள்ள எல்லா ஓட்டைகளையும் தேடிக் குறியுங்கள். சக்கையைச் சுரண்டி எடுத்து, எட்டும் புழுக்களை வெளியே எடுங்கள்.
3. எல்லாவற்றுக்கும் மேலே உள்ள ஓட்டையை மட்டும் விட்டு, மற்றவற்றைக் களிமண் அல்லது சிமெண்டால் அடையுங்கள். அடைக்காவிட்டால் ஊற்றிய மருந்து கீழ் ஓட்டை வழியே ஓடிவிடும். முயற்சி தோற்பதற்கு முதல் காரணம் இது.
4. மேல் ஓட்டை நேராகவோ மேல்நோக்கியோ போனால், அதற்குச் சற்று மேலே துரப்பணத்தால் கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு துளை போடுங்கள்.
5. இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியின் 17.8 சதவீதக் கரைசலை லிட்டர் நீருக்கு 1 மில்லி வீதம் கலந்து, புனல் வைத்து ஒரு லிட்டர் வரை மெல்ல ஊற்றுங்கள். உங்கள் நாட்டில் இது தென்னைக்கு அனுமதிக்கப்பட்டதா என்று வேளாண் துறையிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள். அனுமதி இல்லாத இடத்தில் அவர்கள் சொல்லும் மாற்று மருந்தே சரி.
6. ஊற்றிய துளையையும் அடைத்து, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வந்து பாருங்கள். புதுச் சக்கை தள்ளியிருந்தால் அந்த இடத்துக்கு மேலே மறுபடி ஒருமுறை.

கொண்டை வழியே நுழைந்திருந்தால் தண்டில் துளை போட்டுப் பயனில்லை. கொண்டையைச் சுத்தம் செய்து, சேதமான மட்டை இடுக்குகளிலேயே கரைசலை மெல்ல இறக்க வேண்டும். கையுறை, முகமூடி அவசியம். மேலே நின்று ஊற்றுபவருக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது.

புழுவைக் கொல்லாமல் ஓட்டையை மட்டும் சிமெண்டால் பூசுவது வீண்வேலை. உள்ளே இருப்பது வேறு பக்கம் வழி செய்துகொள்ளும். உங்களுக்குத்தான் அடையாளம் மறையும்.

அறிகுறி: எருக்குழியைக் கிளறினால் தடித்த வெள்ளைப் புழுக்கள்

பதறி எல்லாவற்றையும் கொல்ல வேண்டாம். எருக்குழியில் வாழும் வெள்ளைப் புழுக்களில் பலவும் மக்கைப் பொடியாக்கி உதவுபவை. ஒரு புழுவைச் சமமான தரையில் வைத்து ஒரு நிமிடம் கவனியுங்கள். மல்லாந்து படுத்து, கால்களை வானத்தைப் பார்க்க வைத்து, முதுகாலேயே நெளிந்து நகர்ந்தால் அது பூவண்டின் புழு. திரும்ப எருவிலேயே விடுங்கள். ஒருக்களித்துச் சுருண்டே கிடந்து, உள்ளங்கை அகலத்துக்குப் பெரிதாக, பழுப்புத் தலையும் மூன்று ஜோடிக் காலும் இருந்தால் காண்டாமிருக வண்டின் புழுவாக இருக்க வாய்ப்பு அதிகம். கால்களே இல்லாமல் நடுவில் பருத்துத் தலை மட்டும் கடினமாக இருப்பது கூன்வண்டுப் புழு. அது எருவில் இருக்காது, குடைந்த தண்டைப் பிளந்தால்தான் கிடைக்கும். கால் உண்டா இல்லையா என்று பார்த்தாலே இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

காண்டாமிருக வண்டின் புழுப்பருவம் மாதக்கணக்கில் நீளும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை குழியை அடிவரை கிளறினால், ஒரு தலைமுறை வண்டாகி வெளியேறும் முன் பிடித்துவிடலாம். கோழிகளை விட்டால் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். கிளற முடியாத பெரிய குவியலுக்கு மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூசணம் சிறந்தது: ஒரு கன மீட்டர் எருவுக்கு 5×10¹¹ வித்துகள் வீதம், மாலையில், எரு ஈரமாக இருக்கும்போது நீரில் கலந்து ஊற்றி மூடவும். காய்ந்த எருவில் போட்டால் வித்து முளைக்காது. "பூசணம் வேலை செய்யவில்லை" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். வேலை செய்தால் செத்த புழு விறைத்து, முதலில் வெள்ளையாகவும் பிறகு கரும்பச்சையாகவும் பூத்திருக்கும். அவற்றை எடுத்து எறியாதீர்கள். அடுத்த புழுக்களுக்கு நோய் பரப்புபவை அவையே.

இந்த வண்டுக்கென்றே ஒரு வைரசும் உண்டு. 1909இல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு சமோவா தீவுக்கு இந்த வண்டு போய்ச் சேர்ந்து, பசிபிக் தீவுத் தென்னைகளைப் பாழாக்கியது. 1963இல் மலேசியாவில் ஹூகர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் இந்த வைரசைக் கண்டறிந்தார். 1967இல் சமோவாவில் விட்ட பிறகு அங்கே வண்டின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. வைரஸ் பிடித்த வண்டு உடனே சாகாது. தின்பது குறைந்து, முட்டையிடுவதும் குறைந்து, தான் போகும் குழிகளிலெல்லாம் நோயைப் பரப்பும். ஆராய்ச்சி நிலையங்கள் நோயேற்றிய வண்டுகளைத் தரும் இடங்களில் எக்டேருக்கு 10 முதல் 15 வண்டுகள் மாலையில் விடுவது வழக்கம். ஒரே எச்சரிக்கை: 2007இல் குவாம் தீவில் தென்பட்ட வகை, வழக்கமான வைரசுக்கு எளிதில் மடங்கவில்லை. அந்த வகை பரவிய இடங்களில் வைரசை மட்டும் நம்ப முடியாது.

அறிகுறி: பொறி வைத்தும் வண்டு விழவில்லை

இரண்டு வண்டுகளுக்கும் பொறியில் வைப்பது தனித்தனி இனக்கவர்ச்சி மருந்து, அதாவது தன் இன வண்டை வாடையால் இழுக்கும் பொட்டலம். ஒன்றின் பொட்டலத்துக்கு மற்றது வராது. பொறியின் அமைப்பும் வேறு, ஏனென்றால் அவை வந்து சேரும் விதம் வேறு.

காண்டாமிருக வண்டு பறந்து வந்து மோதி விழும். அதற்கு வாளியின் மேல் குறுக்குத் தகடுகள் வேண்டும், தகட்டின் நடுவில் பொட்டலம். தீனி தேவையில்லை. வாளியின் அடியில் மழைநீர் வடியச் சிறு துளைகள் போதும். இரண்டு எக்டேருக்கு ஒன்று.

கூன்வண்டு பக்கத்தில் இறங்கி, நடந்து ஏறி, ஓட்டை வழியே உள்ளே போகும். வழவழப்பான பிளாஸ்டிக் வாளியில் அதற்குக் கால் பிடிக்காது. வெளிப்புறம் சாக்குத் துணி சுற்றுங்கள்; விளிம்புக்குக் கீழே நான்கு ஓட்டைகள் வையுங்கள். உள்ளே பொட்டலத்தோடு, வாழைப்பழம், அன்னாசி, கரும்பு போல் புளிக்கும் தீனி ஏதாவது ஒன்றும், மூழ்கும் அளவு தண்ணீரும் வேண்டும். தீனி வாடை இல்லாவிட்டால் வண்டு அருகே வரை வந்துவிட்டுத் திரும்பும். வாரம் அல்லது பத்து நாளுக்கு ஒருமுறை தீனியையும் நீரையும் மாற்ற வேண்டும். நீர் வற்றிய பொறியில் விழுந்த வண்டு ஏறிப் போய்விடும். எக்டேருக்கு ஒன்று. வெயில் நேராகப் பட்டால் பொட்டலம் சீக்கிரம் ஆவியாகிவிடும், ஆகவே நிழலில் தொங்கவிடுங்கள்.

பொறி வைத்த பிறகு அதற்குப் பக்கத்து மரங்களில் தாக்குதல் கூடிவிட்டது என்றால், பொறியின் இடம் தவறு. வாடைக்கு வரும் வண்டுகள் எல்லாமே பொறிக்குள் விழுவதில்லை. மிச்சம் பக்கத்து மரத்தில் இறங்கும். கூன்வண்டுப் பொறியை இளமரங்களுக்கு அருகில் வைக்கவே கூடாது. வீட்டைச் சுற்றி நான்கைந்து மரம் மட்டும் இருப்பவர் தனியாகப் பொறி வைக்காமல், கொண்டைச் சுத்தத்தையும் எருக்குழியையும் கவனிப்பது நல்லது. பக்கத்துத் தோப்புகளும் சேர்ந்து வைத்தால்தான் பொறி பொறியாக வேலை செய்யும்.

தழும்புகளும் வெட்டிய மரமும்

பச்சை மட்டையைத் தண்டோடு ஒட்ட வெட்டாதீர்கள். வெட்டியே ஆக வேண்டுமென்றால் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். வெட்டுவாயில் முட்டையிட்டாலும், புழு குடைந்து தண்டைச் சேர்வதற்குள் மட்டைத்துண்டு காய்ந்துவிடும். தண்டில் கொத்தியோ உரசியோ காயம் பட்டால் அன்றே தார் அல்லது போர்டோ பசை பூசுங்கள். வண்டு தேடி வருவது புதுக் காயத்தின் வாடையைத்தான்.

கூன்வண்டால் சாய்ந்த மரத்தைத் தோப்பு ஓரத்தில் உருட்டிவிடுவது இரண்டு வண்டுகளுக்கும் விருந்து வைப்பது. முதல் சில வாரங்களில் உள்ளிருந்து கூன்வண்டுகள் வெளிவந்துகொண்டே இருக்கும். பிறகு தண்டு மக்கத் தொடங்கியதும் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிடும். அதிலிருந்து வரும் வண்டுகள் கொண்டைகளைக் குடைய, அந்தக் காயங்களுக்குத் திரும்பக் கூன்வண்டு வரும். எனவே வெட்டிய அன்றே தண்டை நீளவாக்கில் பிளந்து, புழு, கூடு, வண்டு அனைத்தையும் எடுத்து அழியுங்கள். நாரால் சுற்றிய நீள்உருண்டைக் கூடுகளை வெறும் சக்கை என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் பிரித்துப் பாருங்கள். பிளந்த துண்டுகளை எரிக்கலாம், அல்லது இயந்திரத்தில் மெல்லிய சில்லுகளாக்கிப் பரப்பிக் காயவிடலாம். சில்லு மெல்லியதாக இருந்தால் சீக்கிரம் உலரும், புழு வளர இடமிருக்காது; குவித்துவைத்தால் அதுவே எருக்குழியாகிவிடும். அடிக்கட்டையைத் தோண்டி எடுங்கள். எடுக்க முடியாத இடத்தில் மண்ணால் நன்றாக மூடி மேலே படரும் மூடுபயிர் வளர்த்துவிட்டால், காண்டாமிருக வண்டுக்கு அதைக் கண்டுபிடிப்பது கடினம்.